பல சனல் அலைவடிவ டிஜிட்டைசர்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் ஒரு வீட்டின் பின்னறையில், எட்டுச் சனல் டிஜிட்டைசர் ஒன்று, நான்கு பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (கதிர் பட்டால் மினுங்கும் பொருள்) தட்டுகள், ஒரு சோடியம் அயடைட்டுப் படிகம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு நண்பர்கள் நாலு பேர் கதிர்வீச்சை அளந்து வருகிறோம். பார்க்க வருகிறவர்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள், உயர்தரப் பௌதிக ஆசிரியர்கள், மின்னணுத் திருத்த வேலை செய்யும் தம்பிமார். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது.

டிஜிட்டைசர் என்றால் என்ன? ஓசிலோஸ்கோப்பும் அதைத்தானே செய்கிறது?

பாதி சரி. கதிர் ஒன்று படிகத்தில் விழுந்தால் சிறு ஒளி மினுக்கு உண்டாகிறது. போட்டோமல்டிப்ளையர் குழாய் அதை மின் துடிப்பாக்குகிறது. அந்தத் துடிப்பு ஒரு மைக்ரோசெக்கனுக்குள் எழுந்து விழுந்துவிடும். டிஜிட்டைசர் அதைச் செக்கனுக்குக் கோடிக்கணக்கான தடவை அளந்து, எண்களின் வரிசையாகக் கையில் தருகிறது. எண்ணாக மாற்றும் பகுதிக்குப் பெயர் ஏடிசி.

ஓசிலோஸ்கோப்பும் எண்ணாக்கித்தான் திரையில் வரைகிறது. ஆனால் அது கண்ணுக்குக் காட்டுவதற்காகக் கட்டிய கருவி. ஒரு துடிப்பைப் பிடித்து வரைந்து அடுத்ததற்குத் தயாராக அது எடுக்கும் நேரத்தில், பல துடிப்புகள் பதியாமலே போய்விடும். டிஜிட்டைசர் நிற்பதில்லை. ஏடிசி இடைவிடாமல் ஓடும், எண்கள் வட்ட நினைவகத்தில் விழுந்துகொண்டே இருக்கும், துடிப்பு வந்த கணத்தில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி நேரக்குறியோடு அனுப்பிவிட்டு அது தன் வேலையைத் தொடரும். துடிப்பு எழுவதற்கு முந்தைய கொஞ்ச நேரமும் அந்தத் துண்டில் சேர்ந்து வரும். அந்த முன்பகுதி எவ்வளவு பெறுமதியானது என்பது அடிக்கோட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தெரியும்.

முன்பு எப்படி அளந்தார்கள்?

பெட்டி பெட்டியாக. 1964இல் வந்த நிம் என்ற கருவிப் பெட்டித் தராதரத்தின்படி, ஒரு பெட்டி துடிப்பைப் பெருக்கும், இன்னொன்று வடிவமைக்கும், இன்னொன்று வரம்பைத் தாண்டியதா என்று பார்க்கும், கடைசிப் பெட்டி உச்ச உயரத்தை மட்டும் எண்ணாக்கும். பெட்டிகளுக்கிடையே கேபிள் காடு. அருமையான கருவிகள்தான். இன்றும் பல ஆய்வுகூடங்களில் உழைக்கின்றன. குறை என்னவென்றால், கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு எண். துடிப்பின் உருவம் வழியிலேயே கரைந்துவிடும். அந்த எண் பிழையென்று பிறகு சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க ஒன்றுமே இராது.

டிஜிட்டைசரை நான் விரும்புவதற்கு முதற் காரணமே இதுதான். சேமித்து வைத்த துடிப்பிடம் நாளைக்கு வேறொரு கேள்வி கேட்கலாம். போன வருடம் எடுத்த தரவை இந்த வருடம் கற்றுக்கொண்ட முறையால் மறுபடி அளக்கலாம். துடிப்பு மாறாது, நாங்கள் கேட்கும் கேள்விதான் மாறும்.

எவ்வளவு வேகம் வேண்டும்? செக்கனுக்கு 5 பில்லியன் மாதிரி (அளவைப் புள்ளி) எடுப்பதுதான் நல்லதா?

எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விலைப்பட்டியலில் பெரிய எண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் போகும். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது உங்கள் உணரியின் துடிப்பு எவ்வளவு அகலம் என்பதை.

சோடியம் அயடைட்டின் ஒளி ஏறத்தாழ 230 நனோசெக்கன் காலமாறிலியோடு (ஒளி மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைய எடுக்கும் நேரம்) தேய்கிறது. செக்கனுக்கு 100 மில்லியன் மாதிரி என்றால் 10 நனோசெக்கனுக்கு ஒரு புள்ளி விழும். தேயும் பகுதியில் மட்டுமே இருபதுக்கும் மேல் புள்ளிகள் கிடைக்கும். தாராளம். இலந்தனம் புரோமைட்டு வேகமானது, அதன் காலமாறிலி 16 நனோசெக்கன் அளவு. அதற்கு 250 அல்லது 500 மில்லியன் தேவை. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் இரண்டொரு நனோசெக்கனில் தேய்ந்துவிடும். அதில் நேரத்தைத் துல்லியமாக அளக்க வேண்டுமானால் 500 மில்லியனுக்கும் மேல் போகத்தான் வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் அதற்கும் 250 தாங்கும்.

செக்கனுக்கு 5 பில்லியன் தரும் கருவிகள் சிலவற்றில் இருப்பது டிஆர்எஸ்4 என்ற சில்லு. சுவிற்சர்லாந்தின் பவுல் ஷெரர் நிறுவகத்தில் உருவானது. ஒவ்வொரு சனலுக்கும் 1024 கொள்ளளவிகளில் அலையைப் பிடித்து வைத்து, பிறகு மெதுவாக வாசிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழு வேகத்தில் 1024 புள்ளி என்பது சுமார் 205 நனோசெக்கன்தான். சோடியம் அயடைட்டுத் துடிப்பின் வால்கூட அதற்குள் அடங்காது. வாசிக்கும் நேரத்தில் புதிய துடிப்பு வந்தால் அதுவும் போச்சு. பிளாஸ்டிக் தட்டுக்கும் நேர அளவீட்டுக்கும் அது மிக நல்ல கருவி, காமா நிறமாலைக்கு (எந்தச் சக்தியில் எத்தனை கதிர் என்று காட்டும் வரைபடம்) அல்ல.

இன்னொன்றும் உண்டு. 250 மில்லியன் மாதிரி எடுக்கும் கருவிக்கு 125 மெகாஹேட்சுக்கு மேற்பட்ட மீடிறன் போகக்கூடாது. போனால் அது வேடம் மாறி, இல்லாத அலையாகத் தரவில் வந்து நிற்கும். முகப்பிலேயே வடிகட்டும் சுற்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எத்தனை பிட் போதும்?

14 பிட் என்றால் 16,384 படிகள். உள்ளீட்டு வீச்சு 2 வோல்ற்று என்றால் ஒரு படி 0.12 மில்லிவோல்ற்று. இது போதுமா, மிஞ்சுமா என்பது உணரியைப் பொறுத்தது. கதிரின் சக்தியை 3,000 கிலோ இலத்திரன்வோல்ற்று வரை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம் (இனிமேல் கேஈவி என்று எழுதுகிறேன்). 10 பிட்டில் ஒரு படிக்கு 2.9 கேஈவி. 14 பிட்டில் 0.18. சோடியம் அயடைட்டில் சீசியம்-137இன் 662 கேஈவி உச்சியே 45 கேஈவி அளவு அகலமாகத்தான் இருக்கும், ஆகவே 10 பிட்டும் அதற்குச் சரி. தூய ஜேர்மானியம் உணரி 1,332 கேஈவியில் 2 கேஈவி அகலம் காட்டும். அங்கே 14 பிட்டாவது வேண்டும்.

ஒரு துடிப்பின் சக்தியை ஒரே புள்ளியிலிருந்து எடுப்பதில்லை, நூற்றுக்கணக்கான புள்ளிகளின் கூட்டலிலிருந்து எடுக்கிறோம். அதனால் படியைவிட நுண்ணிய விடை கிடைக்கும். அதே நேரம், இரைச்சலையும் கணக்கில் எடுத்தால் 14 பிட் ஏடிசி உண்மையில் தரும் பயனுள்ள பிட்டுகள் 11, 12 அளவில்தான் நிற்கும். கையேட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

ஒரு சனல் போதாதா? பல சனல் எதற்கு?

ஒரு படிகத்தின் நிறமாலை மட்டும் வேண்டுமென்றால் ஒரு சனல் போதும். இரண்டு உணரிகளில் ஒரே நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் பல சனல் தேவைப்படுகிறது. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. இரண்டிலும் சில நனோசெக்கனுக்குள் துடிப்பு வந்தால் வானத்திலிருந்து வந்த மியூன் என்ற துகள் இரண்டையும் துளைத்துப் போயிருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் சுவரிலிருந்தோ நிலத்திலிருந்தோ வந்த காமாவாக இருக்கலாம்.

ஊட்டியில் இயங்கும் கிரேப்ஸ்-3 விண்கதிர் ஆய்வு, சுமார் 400 பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்களையும் மியூன் கணிப்பதற்கு 3,712 வாயு எண்ணிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. 2014 டிசம்பரில் கடந்துபோன ஒரு இடிமுகிலுக்குள் ஏறத்தாழ 130 கோடி வோல்ற்று இருந்ததை, மியூன் எண்ணிக்கை குறைந்த அளவிலிருந்தே அவர்கள் கணித்தார்கள். எத்தனையோ சனல்கள் ஒரே மணிக்கூட்டுக்கு நடந்தால்தான் அப்படிப்பட்ட பேச்சே எழும்.

அந்த மணிக்கூடுதான் பல சனல் கருவியின் உயிர். ஒரே பெட்டிக்குள் எல்லாச் சனலும் ஒரே கடிகாரத் துடிப்பில் ஓடும். இரண்டு பெட்டிகளை இணைத்தால் கடிகாரத்தையும் தொடக்கக் குறியையும் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கேபிளால் கொடுக்க வேண்டும். கேபிளின் நீளமும் நேரம்தான். சாதாரண 50 ஓம் கேபிளில் ஒரு மீற்றருக்கு 5 நனோசெக்கன் தாமதம். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: ஒரே துடிப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு சனலுக்குக் கொடுங்கள், நேர வித்தியாசத்தை வரைபடமாக்குங்கள். ஒற்றை ஊசிபோல ஒரு உச்சி வரவேண்டும். அகன்றாலோ, இரண்டாகப் பிளந்தாலோ, மணிக்கணக்கில் நகர்ந்தாலோ, மற்ற எதையும் நம்பாதீர்கள்.

எல்லா அலைவடிவத்தையும் சேமிக்கலாமா?

வெட்டாமல் சேமிக்க முடியாது. 16 சனல், 250 மில்லியன் மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட். பெருக்கினால் செக்கனுக்கு 8 கிகாபைட். ஒரு டெராபைட் தட்டு இரண்டு நிமிடத்தில் நிறைந்துவிடும். யூஎஸ்பி 2.0 வழியே நடைமுறையில் போவதோ செக்கனுக்கு 30 மெகாபைட் அளவுதான்.

துடிப்பைச் சுற்றி ஒரு மைக்ரோசெக்கனை மட்டும் வெட்டினால் 250 புள்ளி, 500 பைட். ஒவ்வொரு சனலிலும் செக்கனுக்கு 1,000 துடிப்பு வந்தாலும் பதினாறுக்கும் சேர்த்து 8 மெகாபைட். ஆயிரத்தில் ஒரு பங்கு! சாதாரண மடிக்கணினியே போதும். எண்ணிக்கை இன்னும் ஏறினால், கருவிக்குள்ளேயே சக்தியைக் கணித்து நேரமும் சக்தியும் மட்டும் கொண்ட பட்டியலாக எழுதலாம்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். புதிதாக எதைப் பூட்டினாலும் முதல் ஒரு நாள் முழு அலைவடிவமாகவே எழுதுவேன். பிறகு பட்டியலுக்கு மாறினாலும், நூறு துடிப்புக்கு ஒன்றின் அலைவடிவத்தைச் சேர்த்து வைப்பேன். ஏதாவது குழம்பினால் போய்ப் பார்க்க சாட்சி வேண்டுமே.

எஃப்பிஜிஏ என்கிறார்களே, அது உள்ளே என்ன செய்கிறது?

ஏடிசி தரும் எண்களை ஓட ஓடக் கணிக்கும் சில்லு அது. முதலில் அடிக்கோட்டைப் பார்க்கும். துடிப்பு இல்லாத நேரத்தில் வரும் புள்ளிகளின் சராசரிதான் அடிக்கோடு. அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். அடுத்து, துடிப்பு வரம்பைத் தாண்டியதா என்று பார்க்கும். பெரிய துடிப்பு சிறிய துடிப்பைவிடச் சீக்கிரம் வரம்பைத் தாண்டுவதால் நேரம் முன்பின்னாகும். இதைத் திருத்த, துடிப்பின் சொந்த உயரத்தில் ஒரு பங்கை எட்டும் கணத்தை எடுக்கும் முறை உண்டு.

சக்திக்கு இரண்டு வழி. போட்டோமல்டிப்ளையரிலிருந்து நேரே வரும் துடிப்பென்றால் அதன் கீழுள்ள பரப்பைக் கூட்டினால் போதும். ஜேர்மானியம்போல முற்பெருக்கியிலிருந்து நீண்ட வாலோடு வரும் துடிப்புக்கு, அதை மேசைபோலத் தட்டையான தலை கொண்ட சரிவகமாக மாற்றி அந்தத் தலையின் உயரத்தை எடுப்பார்கள். இதை ஓட்டத்திலேயே செய்யும் முறையை ஜோர்தனோவும் நோலும் 1994இல் எழுதினார்கள். இன்று பெரும்பாலான கருவிகளுக்குள் இருப்பது அதன் வம்சம்தான்.

ஒரு துடிப்பின்மேல் இன்னொன்று ஏறினால்?

கதிர் நேரம் பார்த்து வருவதில்லை, ஏறத்தான் செய்யும். செக்கனுக்கு 10,000 துடிப்பு, ஒவ்வொன்றையும் அளக்க 10 மைக்ரோசெக்கன் எடுக்கும் என்றால், நூற்றில் ஒன்பது, பத்து துடிப்பின்மேல் அடுத்தது ஏறிவிடும். பழைய முறையில் இரண்டும் கூடி ஒரு பொய்ச் சக்தியாகப் பதிவாகும். அலைவடிவம் இருந்தால் இரட்டைத் திமில் கண்ணுக்கே தெரியும். தள்ளிவிடலாம், பொறுமை இருந்தால் பிரித்தும் எடுக்கலாம்.

நியூத்திரனையும் காமாவையும் பிரித்தறியலாமாமே?

ஆம். சில திரவச் சிண்டிலேட்டர்களிலும் ஸ்டில்பீன் படிகத்திலும் நியூத்திரன் உண்டாக்கும் துடிப்புக்கு வால் கொஞ்சம் தடிப்பு. வாலின் பரப்பை முழுப் பரப்பால் வகுத்து வரைந்தால் இரண்டு பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். எங்கள் அறையில் இதைச் செய்ததில்லை. நியூத்திரன் மூலத்துக்கு அனுமதி வேண்டும், அது வீட்டில் வைத்திருக்கும் பொருளும் அல்ல.

இங்கே மின்சாரம், ஏர்த், உப்புக்காற்று எல்லாம் கருவியைப் பாதிக்குமா?

பாதிக்கும். டிஜிட்டைசருக்குக் காசு சேர்க்கும் எல்லாருக்கும் நான் சொல்வது, முதலில் ஏர்த்துக்கும் கேபிளுக்கும் ஒதுக்குங்கள் என்பதைத்தான். இதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம்.

தட்டுகளைப் பூட்டிய முதல் கிழமை, நாலு சனலிலும் ஒரே கணத்தில் பெரிய துடிப்புகள் வந்தன. நாளுக்கு இருபது, முப்பது. வானத்திலிருந்து துகள் மாரியே பொழிகிறது என்று நினைத்து அன்றிரவு நாலு பேரும் நித்திரை கொள்ளவில்லை. பிறகு நேரங்களை வரைந்து பார்த்தால் பெரும்பாலானவை காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில், மாலையில் இன்னொரு கொத்து. அலைவடிவத்தைத் திறந்து பார்த்ததும் விளங்கிவிட்டது. மியூன் துடிப்பு ஒரு பக்கம் விழுந்து எழும். இவை மேலும் கீழுமாக அதிர்ந்து தேய்ந்தன, பூட்டாமல் விட்டிருந்த ஐந்தாம் சனலிலும் வந்தன. கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் போடும் நேரம் அது. வீட்டு ஏர்த் கம்பியும் கிணற்றடியில்தான், ஈரம் இருக்கும் என்று அங்கேயே அடித்திருந்தார்கள். மோட்டர் தொடங்கும் அதிர்ச்சி ஏர்த் வழியே நேரே கருவிக்குள் வந்திருக்கிறது. எண்ணிக்கை மட்டும் தரும் கருவியாக இருந்திருந்தால் அந்த முப்பதையும் துகள் மாரி என்றே எழுதி வைத்திருப்போம்.

எங்கள் மண்ணில் ஏர்த் போடுவது தனி வேலை. செம்மண் கொஞ்ச ஆழம்தான், கீழே சுண்ணாம்புப் பாறை. கம்பி இறங்காது, ஆவணி வெயிலில் மண் காய்ந்தால் தடையும் ஏறிவிடும். நாங்கள் மோட்டருக்குத் தூரமாக மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு அடித்து இணைத்தோம். வேலை தெரிந்த மின்னிணைப்பாளரைக் கொண்டு, வீட்டின் ஏர்த்தோடு முறைப்படி சேர்த்துத்தான் செய்தோம். உணரி, உயர் வோல்ற்று வழங்கி, டிஜிட்டைசர், கணினி எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகினோம். இரைச்சல் குறையட்டும் என்று செருகியின் ஏர்த் முனையைக் கழற்றி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போட்டோமல்டிப்ளையருக்கு ஆயிரம் வோல்ற்று அளவில் போகிறது. உயிர் விளையாட்டு வேண்டாம்.

கேபிள் விஷயத்தில் அதிகம் நடக்கும் பிழை டிஷ் அன்ரனா வயரைப் பாவிப்பது. அது 75 ஓம். 50 ஓம் உள்ளீட்டில் பூட்டினால் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிப் போகும். 3 மீற்றர் வயரில் போய்த் திரும்ப 25, 30 நனோசெக்கன். அந்த இடைவெளியில் ஒரு குட்டித் துடிப்பு வாலில் தொங்கும். அதைப் பார்த்து இரண்டாவது துகள் என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு.

மாரி மழை தொடங்கினால் உயர் வோல்ற்றுப் பொருத்திகளில் ஈரம் படிந்து நுண்பொறி பறக்கும், அதுவும் துடிப்பாகத் தெரியும். உப்புக்காற்றில் பொருத்திகள் பச்சை பூத்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டி, மாதத்துக்கு ஒரு தடவை துடைப்பு, இவ்வளவும் போதும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் கற்றுக்கொண்டது இன்னொன்று: கோப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடிப் புதிது திறக்கும்படி வைத்தால், மின்சாரம் போனாலும் இழப்பது பத்து நிமிடம்தான்.

காலையில் ஒரு இடத்தில் இருந்த உச்சி மதியம் நகர்ந்துவிடுகிறது. கருவி பழுதா?

பழுதில்லை, வெயில். சோடியம் அயடைட்டின் ஒளி ஒரு பாகை சூடேறினால் நூற்றுக்கு 0.3 அளவு குறையும், போட்டோமல்டிப்ளையரின் பெருக்கமும் அதோடு சேர்ந்து இறங்கும். தகரக் கூரை அறையில் பத்துப் பாகை ஏறினால் உச்சி நகராமல் என்ன செய்யும்? சிலிக்கன் போட்டோமல்டிப்ளையர் இன்னும் செல்லம், வெப்பநிலைக்கேற்ப அதன் வோல்ற்றளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதும் பின்னணியில் இருக்கும் பொற்றாசியம்-40இன் 1,461 கேஈவி கோட்டை மணிக்கு ஒரு தடவை பார்த்து அளவுகோலைத் திருத்துங்கள். நேரக்குறியோடு சேமித்த தரவென்றால் பிறகும் திருத்தலாம்.

சோதிக்கக் கதிர் மூலத்துக்கு எங்கே போவது?

சீசியம், கோபால்ற்று போன்ற மூலங்களை வாங்கவோ வைத்திருக்கவோ, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் அமைப்பின் அனுமதி வேண்டும். அவற்றை முறையாக வைத்திருக்கும் நிறுவனம் ஊடாகப் போவதே நல்லது.

ஆனால் தொடங்குவதற்கு உரக்கடை போதும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுகிறோமே பொற்றாஷ் உரம், அதில் ஏறத்தாழப் பாதி பொற்றாசியம். ஒரு கிராம் பொற்றாசியத்தில் செக்கனுக்கு 31 அணுக்கள் சிதைகின்றன. ஒரு கிலோ உரத்தில் 16,000 அளவு. பையைப் படிகத்தின் பக்கத்தில் வைத்தால் 1,461 கேஈவியில் உச்சி அழகாக எழும்பும். தோட்டத்தில் நாளும் கையில் எடுக்கிற பொருள்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை.

கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் மென்டில் வலை இன்னொன்று. பழைய வலைகளில் தோரியம் ஒட்சைட்டு இருக்கும், புதியவற்றில் பெரும்பாலும் இல்லை. எரிந்த வலை தூளாகும், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. பாவிக்காத வலையை உறையோடு, மூடிய பையில் வைத்தே அளவிடுங்கள். தோரியம் தொடரின் கடைசியில் வரும் தல்லியம்-208இன் 2,615 கேஈவி கோடு அதில் தெரியும்.

அந்தக் கோட்டுக்கு எங்களோடு ஒரு உறவும் உண்டு. யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாளராகத்தான் பலருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் பணிப்பாளர். 1904இல் இலங்கையில் தோரியனைற்றுக் கனிமத்தைக் கண்டெடுத்தவர் அவர்தான். லண்டனுக்குப் போன அந்தத் தோரியனைற்றை அங்கே ஆராய்ந்தபோதுதான் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஒட்டோ ஹான் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார், இன்றைய பெயரில் தோரியம்-228. அது சிதைந்து சிதைந்து போகும் பாதையில்தான் தல்லியம்-208 வருகிறது. இங்குள்ள பிள்ளை ஒருத்தி 2,615இல் அந்தச் சிறு மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

கூடங்குளத்தை இதைக் கொண்டு கண்காணிக்கலாமா?

கரையோரத்தில் வாழும் எங்களுக்கு அந்தக் கேள்வி எழுவது நியாயம். ஆனால் அபாய அறிவிப்புக்குக் கதிரளவு வீதம் காட்டும் நிலையான கருவியும், அதைப் பார்க்கும் பொறுப்பான அமைப்பும்தான் வேண்டும். எங்கள் அறைக் கருவி நிறமாலையைக் காட்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் தெரிந்து வையுங்கள். மழை பெய்ததும் எண்ணிக்கை ஏறும். காற்றிலிருந்த ரேடன் வாயு சிதைந்து உண்டாகும் பிள்ளைகளான ஈயம்-214, பிஸ்மது-214 ஆகியவற்றை மழை கழுவி நிலத்தில் விடுகிறது. ஈயம்-214இன் 352 கேஈவி கோடும், உலைக் கசிவில் தேடப்படும் அயடீன்-131இன் 364 கேஈவி கோடும் சோடியம் அயடைட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். பிரித்தறிய நேரத்தைப் பாருங்கள். ரேடன் பிள்ளைகள் அரைமணிக்கும் குறைந்த அரை ஆயுள் கொண்டவை, மழை விட்டு இரண்டு மூன்று மணியில் அடங்கிவிடும். அயடீனின் அரை ஆயுள் எட்டு நாள். ஒரு படத்தை எடுத்துப் போட்டு ஊரைப் பதற வைக்குமுன் மூன்று மணி நேரம் காத்திருங்கள்.

குறைந்த செலவில் தொடங்க முடியுமா?

முடியும். ரெட் பிட்டாயா என்ற சிறு மின்னணுப் பலகையில் 14 பிட், செக்கனுக்கு 125 மில்லியன் மாதிரி, இரண்டு சனல் இருக்கிறது. சில நூறு யூரோவுக்கு வரும். சோடியம் அயடைட்டுக்குத் தாராளம். எட்டு, பதினாறு சனல் கொண்ட ஆய்வுத்தரக் கருவிகள் ஆயிரக்கணக்கான யூரோ. மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஒரு கருவியைப் பகிர்வது எங்களுக்குச் சரிவந்தது.

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பரிசோதனை சொல்லுங்கள்.

மியூனின் ஆயுளை அளப்பது. கதிர் மூலமே தேவையில்லை, வானம் தருகிறது. கிடையாக வைத்த தட்டில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒன்று அளவில் மியூன் விழும். 30க்கு 30 சென்ரிமீற்றர் தட்டில் செக்கனுக்குப் பதினைந்து. அவற்றில் மிகச் சிலவே தட்டுக்குள் நின்று, கொஞ்சம் பொறுத்து இலத்திரனாகச் சிதைகின்றன. முதல் துடிப்பு வந்த நேரம், இரண்டாவது வந்த நேரம், இடைவெளி. வேறொன்றும் வேண்டாம். பதிவு நீளத்தை 20 மைக்ரோசெக்கனாக வையுங்கள், 250 மில்லியன் வேகத்தில் அது 5,000 புள்ளி. ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பான தட்டென்றால் சில இரவுகளில் நூற்றுக்கணக்கான சோடிகள் சேரும். இடைவெளிகளை வரைந்தால் அடுக்குக்குறி வளைகோடு தானாக விழும்.

ஏற்றுக்கொண்ட ஆயுள் 2.197 மைக்ரோசெக்கன். உங்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். எதிரேற்ற மியூன்களில் சிலவற்றைப் பிளாஸ்டிக்கின் காபன் அணுக்கரு சிதையுமுன்னே விழுங்கிவிடுகிறது. மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ வந்தால் அலைவடிவங்களைத் திறந்து பாருங்கள். போட்டோமல்டிப்ளையருக்குள் மிஞ்சிய வாயு காரணமாகச் சில மைக்ரோசெக்கன் கழித்து எழும் போலித் துடிப்பு ஒன்று உண்டு, அது பெரும்பாலும் குட்டியாக இருக்கும்.

போன தைப்பொங்கல் விடுமுறையில் உயர்தரப் பிள்ளைகள் ஆறு பேர் இதைச் செய்தார்கள். சோடி சோடியாகத் துடிப்புகளைத் திரையில் புரட்டி, எது சிதைவு, எது போலி என்று வாதாடி, ஒவ்வொன்றாகக் கொப்பியில் குறித்தார்கள். 2.1 வந்தது. அந்தக் கோப்புகள் இன்னும் எங்கள் தட்டில் இருக்கின்றன, கேட்டு வருகிறவர்களுக்குப் பிரதி கொடுக்கிறோம்.